காதுவழி வந்த பாட்டு

பாங்காக்கின் சீலோம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தின் முனையில், மாலை 4 மணிக்கு மேல் வந்து நிற்கும் ஒரு தள்ளுவண்டியின் அருகில்தான் நான் தாய் மொழியைக் கற்கத் தொடங்கினேன். (இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே இடைவெளி விட மறந்தால் பொருளே மாறிவிடும்.) வண்டிக்காரர் வடகிழக்கே உள்ள ரோய் எட் மாகாணத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர்; நாற்பதைக் கடந்த பெண்மணி. பச்சைப் பப்பாளியை உள்ளங்கையில் ஏந்தி, கத்தியால் கொத்திக் கொத்திச் சீவி, மண் உரலில் இட்டு, பூண்டும் மிளகாயும் எலுமிச்சைச் சாறும் மீன் சாறும் பனைவெல்லமும் சேர்த்து மர உலக்கையால் இடித்துத் தருவார். அந்தப் பண்டத்துக்குச் சொம் தம் என்று பெயர். அவரை நான் ‘பீ’ என்று அழைப்பேன். அக்காவுக்கும் அண்ணனுக்கும் அங்கே அந்த ஒரே சொல்தான். அவர் என்னை ‘நோங்’ என்பார். தம்பி, தங்கை இருவருக்கும் அது பொது.

வண்டியின் ஓரத்தில் ஒரு சிறு வானொலிப் பெட்டி கம்பிக் கொக்கியில் தொங்கும். அதில் பெரும்பாலும் ஓடுவது பண்பலை 95. நாட்டுப்புறத்தாரின் பாட்டுக்கென்றே அமைந்த அலைவரிசை. ஒருநாள் அதில் சொம் தம் செய்யும் முறையையே தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லும் ஒரு பாட்டு வந்தது. பீ அந்தப் பாட்டின் தாளத்துக்கே உலக்கையைப் போட்டார். முன்பே பலமுறை கேட்டிருந்ததால் நானும் மெல்லிய குரலில் சேர்ந்துகொண்டேன். இடித்து முடித்ததை ஒட்டரிசிச் சோற்றோடு சாப்பிடச் சொல்லும் அடி வந்ததும் அவர் உலக்கையை நிறுத்திவிட்டார்.

“தம்பி, நீங்கள் இப்போது ஒட்டுகிற செய்தியோடு சாப்பிடச் சொன்னீர்கள்.”

வரிசையில் நின்றிருந்த அலுவலகப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ‘காவ்’ என்னும் ஓசையை உயரத்திலிருந்து கீழே விழவிட்டால் அது அரிசி, அல்லது சோறு. தாழ்ந்த குரலிலேயே கிடத்திவிட்டால் செய்தி. கீழிருந்து மேலே ஏற்றினால் வெண்மை. இப்படி ஐந்து தொனிகளால் பொருள் பிரியும் ஒரு மொழியில் பாட்டுக் கட்டுவது எவ்வளவு இக்கட்டான வேலை என்பதை அன்றுதான் முதன்முதலாக எண்ணிப் பார்த்தேன். மெட்டு மேலே போகச் சொல்லும். சொல் கீழே இறங்கச் சொல்லும். இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது பாடுபவர் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிச் சென்று இரண்டையும் ஒரே மூச்சில் சமாதானம் செய்ய வேண்டும். அந்த வழுக்கலையும் தொண்டைக்குள் குரலை உருட்டி எடுக்கும் அசைவையும் ‘லூக் கோ’ என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தொண்டையின் பிள்ளை’. நம் காது அதைக் கமகத்துக்கு உறவு என்று அடையாளம் கண்டுகொள்ளும்.

அந்தச் சொம் தம் பாட்டின் வரிகளை எழுதியவர் தாய்லாந்து இளவரசி சிரிந்தோன். அன்று வானொலியில் அதைப் பாடியவர் பும்புவாங் துவாங்ஜன் என்னும் பாடகி. பள்ளியில் இரண்டே ஆண்டுகள் இருந்த பும்புவாங்குக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிறர் வரிகளைப் படித்துச் சொல்லக் கேட்டு, மனப்பாடம் செய்துதான் பாடுவார். இளவரசி எழுத, எழுத்தறியாத பெண் பாட, பப்பாளி இடிக்கும் பெண் அதற்குத் தாளம் போட, 44 மெய்யெழுத்துகளில் பாதியைக்கூட அடையாளம் காணத் தெரியாத நான் பின்பாட்டுப் பாடியிருக்கிறேன். தாய்லாந்துப் பாட்டைப் பற்றி நான் தெரிந்துகொண்ட எல்லாமே இந்தக் காட்சியிலிருந்து கிளைத்தவைதான்.

பும்புவாங் பாடிய பாட்டு வகைக்கு லூக் துங் என்று பெயர். லூக் என்றால் பிள்ளை. துங் என்றால் வயல்வெளி. வயல்வெளியின் பிள்ளை. இதற்கு எதிர்முனையில் லூக் குருங், அதாவது நகரத்துப் பிள்ளை என்று ஒரு வகை உண்டு. எதிர்முனை என்று சொன்னாலும் இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவைதான். 1930களின் இறுதியில் எவா சுந்தோன்சனன் தலைமையில் உருவான சுந்தராபோன் இசைக்குழு, வயலினும் சாக்சஃபோனும் டிரம்பெட்டும் வைத்துக்கொண்டு தாய்லாந்து மெட்டுகளை நடன அரங்குக்கு ஏற்ற பாட்டாக்கியது. லோய் கிரதோங் பண்டிகையன்று ஆற்றில் விளக்கு விடும்போது ஒலிபெருக்கியில் வரும் பாட்டு அவர்களுடையதுதான். தாய்லாந்துக்கு ஒருமுறை சுற்றுலா சென்றவர்கூட அதைக் கேட்டிருப்பார். பூமிபோல் என்னும் அரசரே சாக்சஃபோன் வாசித்து, 1940கள் முதல் ஜாஸ் பாணியில் மெட்டுகள் அமைத்தவர். ஆக, நகரத்தின் மேல்தட்டு எந்தக் கருவிகளை இசை என்று ஏற்றுக்கொண்டதோ, அதே கருவிகளை வைத்துக்கொண்டு கிராமத்துக் குரல் பாடத் தொடங்கியதும்தான் தகராறு வந்தது. எருமை, நெல் அறுவடை, கடன், ஊரைவிட்டுப் போன காதலி, பட்டாளத்துக்கு ஆள் எடுப்பது என்று பாடிய அந்தப் பாட்டுகளை ‘பிளேங் தலாத்’, அதாவது சந்தைப் பாட்டு என்று ஒதுக்கினார்கள். லூக் துங் என்னும் பெயர் 1964இல்தான் வந்தது. தாய்லாந்துத் தொலைக்காட்சியின் 4ஆம் அலைவரிசையில் இந்தப் பாட்டுகளுக்கென ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியபோது சம்நோங் ரங்சிகுன் என்னும் தொலைக்காட்சி அதிகாரி வைத்த பெயர் அது. பாடியவர்கள் தங்கள் பாட்டைப் பாட்டு என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது இன்ன வகை என்று பிரித்துப் பெயர் வைக்க வேண்டிய தேவை நகரத்துக்குத்தான் இருந்தது.

பெயர் வைத்த இடம் பாங்காக் என்றால், பாட்டு வந்த இடம் பெரும்பாலும் சுபன்புரி. பாங்காக்கிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், நெல்லும் கரும்பும் விளையும் சமவெளி. சுபன் என்பது வேறொன்றுமில்லை, நம் ‘சுவர்ண’தான், பொன்னூர் என்று வைத்துக்கொள்ளலாம். லூக் துங்கின் மன்னர் எனப்படும் சுரபோன் சொம்பத்சரோன் பிறந்தது இங்கே. வைபோத் பெத்சுபன் இங்கே. ‘பெத்சுபன்’ என்றால் சுபனின் வைரம். ஊரையே பெயரில் சூட்டிக்கொண்டவர். க்வன்சித் ஸ்ரீபிரசன் இங்கே. அவர் பெயரின் பின்பாதி இம்மாகாணத்திலுள்ள ஒரு வட்டத்தின் பெயர். சயன் சன்யா இங்கே. ராக் இசைக்காரர் ஏட் காராபாவ்கூட இங்கேதான். ஒரு மாகாணத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

ஏன் சுபன்புரி என்று கேட்டால் தண்ணீர், வண்டல் மண் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குப் படுவது இரண்டு. முதலாவது, அந்த ஊரின் பேச்சு. சுபன்புரிக்காரர் பேசும்போது தொனிகள் பாங்காக்கின் தொனிகளைப் போல ஏறி இறங்குவதில்லை. எதிர்பாராத இடத்தில் குரல் வளைந்து மேலே போகும். பாங்காக்கின் நகைச்சுவை நாடகங்களில் பட்டிக்காட்டான் வர வேண்டும் என்றால் அவன் வாயில் இந்தப் பேச்சைத்தான் வைப்பார்கள். எந்த வளைவைக் கேட்டுச் சிரித்தார்களோ அதே வளைவு, பாட்டில் வந்தபோது காசு கொடுத்துக் கேட்கும் பொருளாயிற்று என்பது என் துணிபு. இரண்டாவது, அங்கே காலங்காலமாக இருந்துவந்த ‘ஈசேவ்’ என்னும் பாட்டு. ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமும் நின்றுகொண்டு, கைதட்டலுக்கும் சிறு தாளத்துக்கும் நடுவே, ஒருவர் சீண்ட மற்றவர் உடனுக்குடன் அதே எதுகையில் திருப்பிக் கொடுக்கும் பாட்டு. விளக்கம் சொல்லத் தேவையில்லை, நம் எசப்பாட்டுத்தான். வைபோத்தும் க்வன்சித்தும் இந்த ஈசேவ் மேடையிலிருந்து வந்தவர்கள். இருவரும் பிற்காலத்தில் நாட்டின் தேசியக் கலைஞர்களாக அறிவிக்கப்பட்டார்கள். இசைத்தட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஓர் ஆண் பாடகர் காதலியைக் குறைகூறிப் பாடி ஒரு தட்டு வெளியிட்டால், சில நாட்களில் ஒரு பெண் பாடகி அதே மெட்டின் சாயலில் பதில் சொல்லி இன்னொரு தட்டு வெளியிடுவார். கிராமத்துக் களத்தில் நடந்த வாய்ச்சண்டை அப்படியே வானொலிக்கு இடம் மாறியது.

சுரபோனின் முடிவைச் சொல்லாமல் லூக் துங்கின் கதையைத் தாண்டிச் செல்ல முடியாது. 1930இல் பிறந்து, விமானப்படை இசைக்குழுவில் பாடிப் பழகி, 1950களிலும் 60களிலும் நாட்டின் மிகப் பெரிய பாடகராகத் திகழ்ந்தவர். பதினாறு ஆண்டுக்காலப் பழைய உறவை எண்ணிக் கலங்கும் ஒரு பாட்டை இறுதியாகப் பாடி வெளியிட்டிருந்தார். 1968 ஆகஸ்டு 16 அன்று இரவு நகோன் பதோம் மாகாணத்தில் ஒரு நிகழ்ச்சியை முடித்துவிட்டு வெளியே வந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். பாட்டில் இருந்த 16ஐயும் நாள்காட்டியில் இருந்த 16ஐயும் சேர்த்துவைத்துப் பார்ப்பதை அந்த நாட்டு மக்கள் இன்னும் நிறுத்தவில்லை. எண்களோடு அவர்களுக்குள்ள உறவு தனி. அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

இனி பும்புவாங். 1961 ஆகஸ்டு 4இல் அண்டை மாகாணமான சைநாத்தில் பிறந்து, சுபன்புரியின் சோங் பீ நோங் வட்டத்தில் வளர்ந்தவர். சோங் என்றால் இரண்டு. எனவே ஊர்ப்பெயரின் பொருள் ‘உடன்பிறந்தார் இருவர்’. அவரோடு உடன்பிறந்தவர்களோ இருவர் அல்லர். பன்னிரண்டு பிள்ளைகளில் அவர் ஐந்தாவது. கரும்புக் கொல்லையில் கூலிக்குப் போன குடும்பம். படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. கோயில் திருவிழாக்களில் நடக்கும் பாட்டுப் போட்டிகளில் பரிசுக்காகப் பாடிய சிறுமியை வைபோத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

குழு என்று நான் சொல்வதை நாலைந்து பேர் கொண்ட இசைக்குழுவாக எண்ணிவிடக் கூடாது. அக்காலத்து லூக் துங் குழு என்பது ஏறக்குறைய ஒரு நாடகக் கம்பெனி. பாடகர்கள், பித்தளை ஊதுகருவிக்காரர்கள், அக்கார்டியன்காரர், கோமாளிகள், பாடுபவருக்குப் பின்னால் இறகும் ஜிகினாவும் அணிந்து ஆடும் பெண்கள், சமையற்காரர்கள், ஓட்டுநர்கள் என்று பெரிய குழுக்களில் நூறு பேர்வரை இருப்பார்கள். ஆடும் பெண்களுக்கு ‘ஹாங் குருவாங்’ என்று ஒரு தொழிற்பெயர் உண்டு. பேருந்துகளில் ஊர் ஊராகப் போவதற்குத் ‘தேன் சாய்’ என்று பெயர். கோடு பிடித்து நடப்பது என்பது அதன் நேர்ப்பொருள். பௌத்தப் பிக்குகள் மழைக்காலத்தில் மடத்தைவிட்டு வேறெங்கும் தங்காமல் விரதம் காக்கும் மாதங்களில் குழுவும் ஊர் திரும்பி ஒத்திகை பார்க்கும். மழை முடிந்து அறுவடைக் காசு கையில் புழங்கும்போது மீண்டும் பேருந்து கிளம்பும். கோயில் மைதானத்தைத் துணியால் சுற்றி மறைத்து, உள்ளே நுழையச் சீட்டு வாங்க வைப்பார்கள். பாடகருக்குப் பிடித்த ரசிகர்கள் மேடையருகே வந்து பூமாலை போடுவார்கள். மாலையில் ரூபாய் நோட்டைப் போலப் பாத் நோட்டுகள் குத்தப்பட்டிருக்கும். மாலைக்கு அங்கேயும் ‘மாலை’ என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் வாயில் கடைசி எழுத்து சற்று அழுந்தி ‘மாலய்’ என்று ஒலிக்கும்.

இப்படிப்பட்ட மேடைகளில் பின்வரிசையில் ஆடியும் இடையிடையே பாடியும் வந்த பெண் 1978வாக்கில் தனிப் பெயர் பெறத் தொடங்கினார். ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் காகிதத்தைப் பார்த்துப் பாடுவார்கள். பும்புவாங்குக்குக் காகிதத்தால் பயனில்லை. பாட்டுக்குள் சொல் எப்படி விழ வேண்டும் என்பதை அவர் எழுத்திலிருந்து கற்கவில்லை. முழுவதும் காதிலிருந்தே கற்றார். அவர் பாட்டைக் கேட்கும்போது எனக்கு இது உறைக்கும். ஒரு சொல்லின் தொனியை அவர் மெட்டுக்காக நசுக்குவதே இல்லை. விழ வேண்டியது விழும், ஏற வேண்டியது ஏறும், ஆனால் எங்கே ஒட்டுப் போட்டார் என்பது தெரியாது. அதனால்தான் என்னைப் போன்ற அயலானுக்கு அவர் நல்ல ஆசிரியர். படித்த பாடகர்கள் பாடும் நவீனப் பாடல்களில் மெட்டு முந்திக்கொண்டு சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். உள்ளூர்க்காரர்கள் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள், நான் அரிசிக்கும் செய்திக்கும் நடுவே தவித்துக்கொண்டிருப்பேன்.

1980களின் நடுவில் அவர் பாணியை மாற்றினார். பாடலாசிரியர் லோப் புரிரத் எழுதிய துள்ளலான, கொஞ்சம் குறும்பான பாட்டுகளை, சின்தசைசரும் நடன அசைவுகளுமாகப் பாடத் தொடங்கினார். அழகான ஆணைப் பார்த்து வெளிப்படையாக வியக்கும் பெண், தன்னை ஏமாற்றப் பார்ப்பவனை எள்ளி நகையாடும் பெண், பட்டணத்துக்கு வந்து பாடகியாகப் பிழைக்கும் கிராமத்துப் பெண் என்று அந்தப் பாட்டுகளில் வந்தவர்கள், அதுவரை லூக் துங்கில் அழுதுகொண்டிருந்த பெண்கள் அல்லர். ஈசேவ் களத்தில் எதிர்வரிசை ஆண்களுக்கு வாய்க்கு வாய் பதில் சொன்ன பெண்களின் பேத்திகள் அவர்கள். பழைய ரசிகர்கள் சிலர் இதை டிஸ்கோ என்று முகம் சுளித்தார்கள். எனக்கோ, அவரது மெதுவான சோகப் பாட்டுகளைவிட இவையே நெருக்கமானவை.

லூபஸ் நோய் கண்டு, 1992 ஜூன் 13 அன்று, 31 வயது நிறைவதற்கு முன்பே, பித்சனுலோக் நகரில் அவர் இறந்தார். அதற்கு முந்தைய மாதம்தான் பாங்காக் தெருக்களில் ராணுவம் மக்கள் மீது சுட்டிருந்தது. அந்தத் துயரம் ஆறுவதற்குள் இந்தச் சாவு. சோங் பீ நோங் வட்டத்தில் உள்ள தப் கிரதான் மடத்தில் ஜூலை மாதம் நடந்த தகனத்துக்கு இளவரசி சிரிந்தோனே வந்து தலைமை தாங்கினார். சொம் தம் செய்முறையைப் பாட்டாக எழுதியவர், அதைப் பாடியவரின் சிதைக்கு முன்னால் நின்றிருக்கிறார்.

சுபன்புரியின் இன்னொரு பிள்ளையான ஏட் காராபாவைப் பற்றிச் சொல்லவும் எனக்கு ஆசையுண்டு. ஆனால் அவர் வேறொரு மரபில் வருபவர். 1970களின் மாணவர் போராட்டத்தில் பிறந்த ‘வாழ்வுக்கான பாட்டு’ என்னும் வகை அது. அதன் முன்னோடிகளான கராவன் குழுவினர், 1976 அக்டோபர் 6 அன்று தம்மசாத் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கொல்லப்பட்ட பிறகு கித்தாரோடு காட்டுக்குள் சென்று கம்யூனிஸ்டுகளுடன் சேர்ந்துகொண்டார்கள். பொதுமன்னிப்புக்குப் பிறகே வெளியே வந்தார்கள். பிலிப்பைன்ஸில் படித்துக்கொண்டிருந்த தாய்லாந்து மாணவர்கள் தொடங்கிய காராபாவ் குழு, அந்நாட்டு மொழியில் எருமையைக் குறிக்கும் சொல்லையே பெயராக வைத்துக்கொண்டது. 1984இல் வந்த ‘மேட் இன் தாய்லந்து’ தொகுப்பு, உள்ளூர்ப் பொருளில் வெளிநாட்டு முத்திரை குத்தினால்தான் வாங்குகிறார்கள் என்று சொந்த மக்களையே கேலி செய்து, விற்பனையில் அதுவரை இல்லாத உயரத்தைத் தொட்டது. அதே ஏட் 2002இல் எருமைத் தலை முத்திரையோடு ஓர் ஊக்கபானம் விற்கத் தொடங்கினார். 2017 முதல் இங்கிலாந்துக் கால்பந்து லீக் கோப்பைக்கே அந்தப் பானத்தின் பெயர்தான். நள்ளிரவில் விழித்திருந்து காராபாவ் கோப்பை ஆட்டம் பார்க்கும் நம்மூர்ப் பையன்களில் எத்தனை பேருக்கு அது ஒரு பாட்டுக் குழுவின் பெயர் என்று தெரியும்?

பீயின் ஊர்ப்பக்கம் வேறு கதை. ரோய் எட் இருக்கும் வடகிழக்குப் பகுதியை ஈசான் என்பார்கள். வடகிழக்குத் திசைக்கு நாம் சொல்லும் ஈசானியம் என்பதே அந்தச் சொல். அங்கே வீட்டில் பேசுவது லாவோ மொழி. பாட்டு மோர் லம். மோர் என்றால் கைதேர்ந்தவர், லம் என்றால் சொல்லின் தொனியைப் பிடித்துக்கொண்டே பாடுவது. அதில் மெட்டு முதலில் வந்து சொல் அதில் உட்காருவதில்லை. சொல்லின் ஏற்ற இறக்கமே மெட்டைப் பெற்றெடுக்கிறது. மூங்கில் குழல்களை அடுக்கிச் செய்த ‘கேன்’ என்னும் வாய்க்கருவி கூடவே ஊதும். இந்தக் கேன் ஒரு காலத்தில் பாங்காக்கை அவ்வளவு மயக்கியது. 1865இல் அரசர் மோங்குட், சயாமியர் தம் சொந்த இசையை விட்டுவிட்டு லாவோக் கேனை ஊதிக்கொண்டிருப்பதால்தான் மழை ஒழுங்காகப் பெய்வதில்லை என்று காரணம் காட்டி அதைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். நூறாண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில், 1970களில், அங்கனாங் குன்சாய் என்னும் பாடகியும் பாடலாசிரியர் சுரின் பாக்சிரியும் மோர் லம்மையும் லூக் துங்கையும் ஒன்றாகப் பிசைந்து தந்தபோது, அதே நகரம் காசு கொடுத்துக் கேட்டது.

நகரம் என்று சொன்னாலும் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஈசானிலிருந்து வந்து அங்கே கட்டடம் கட்டியவர்களும் வாடகைக்கார் ஓட்டியவர்களும்தான். அவர்களுக்காகவே எழுதியவர் சலா குனாவுத். பாடலாசிரியர்களை அங்கே ‘குரு’வென்றே அழைப்பார்கள், இவரோ உண்மையிலேயே தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். மைக் பிரோம்போன் பாடிய ‘ஏழையின் மனமருந்து’, தாய் ஓரதாய் பாடிய ‘சிமெண்டுக் காட்டில் ஒரு புல்லின் பூ’ இரண்டும் அவர் எழுதியவை. பின்னதன் தலைப்பு ஒன்றே போதும். யாருக்காகப் பாடப்படுகிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பாட்டு வானொலியில் வந்தால் பீ பேசமாட்டார். வாடிக்கையாளர் எத்தனை மிளகாய் என்று சொன்னதையும் காதில் வாங்கமாட்டார்.

இந்த ஓட்டத்தில் பாங்காக்கின் பளபளப்பான பாப் இசையை நான் விரைவாகத்தான் கடந்துபோகிறேன். 1983இல் தொடங்கிய கிராமி என்னும் உள்ளூர் இசை நிறுவனமும், அதன் ஒப்பற்ற நட்சத்திரமான ‘பேர்ட்’ தோங்சாய் மெக்கின்டயரும் ஒரு தலைமுறையையே ஆட்டிவைத்தவர்கள். ஆனால் அந்தப் பேர்டின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று, 2002இல் ரோய் எட் மாகாணத்து மோர் லம் பாடகி ஜின்தரா பூன்லாப்பையும் வேறு இரு பாடகியரையும் அழைத்து ஒரே பாட்டில் சேர்த்துக்கொண்டபோது வந்தது. அந்தத் தொகுப்பின் பெயருக்கு ‘விருந்தினர் வரவேற்பு’ என்று பொருள். விருந்தினர் என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘கேக்’ என்பதே இந்தியர்களைக் குறிக்கவும் வழங்கும் சொல். சீலோம் சாலையிலுள்ள மாரியம்மன் கோயிலை ‘வாட் கேக்’ என்றுதான் ஊரார் சொல்கிறார்கள். தாய்லாந்துப் பாப் பாடகி டாட்டா யங் 2004இல் இந்தித் திரைப்படமான ‘தூம்’முக்காக ஆங்கிலத்தில் பாடியதை நம்மவர்கள் கேட்டிருப்பார்கள். ஈசானின் புரிராமில் பிறந்து கொரியக் குழுவான பிளாக்பிங்கில் உலகப் புகழ் பெற்ற லிசா, 2021இல் ஒரு பேட்டியில் புரிராம் ரயில் நிலையத்தருகே நின்றபடியே சாப்பிடும் இறைச்சி உருண்டைக்கு ஏங்குவதாகச் சொன்னதும், அங்கே கடைகளில் வரிசை நீண்டது. அவர் குரலில் ஒரே ஒரு லம் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தப் கிரதான் மடத்துக்கு நான் போனது ஒரு 15ஆம் தேதி. அரசு லாட்டரிக் குலுக்கல் வழக்கமாக மாதத்தின் 1, 16 தேதிகளில் நடக்கும். எனவே 15 என்பது அங்கே திருநாளுக்கு நிகர். மடத்தின் வளாகத்தில் பும்புவாங்குக்குப் பல உருவச்சிலைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மேடையில் அணிவது போன்ற பளபளக்கும் உண்மையான உடை, பொய்முடி, நகை. காலடியில் உதட்டுச்சாயம், பவுடர் டப்பா, கண்ணாடி வளையல், மாலைகள். அவர் ஆவி எண்களைக் காட்டித்தரும் என்பது நம்பிக்கை. ஒரு கிழவி மரப்பட்டையில் பவுடரைத் தேய்த்துத் தேய்த்து, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். “மூன்றா, எட்டா?” என்று என்னைக் கேட்டார். எனக்கு இரண்டும் தெரியவில்லை என்று சொன்னேன். “நீங்களும் படிக்காதவரா?” என்று கேட்டுவிட்டு இரக்கத்தோடு சிரித்தார். சிறு ஒலிபெருக்கியில் பும்புவாங் பாடிக்கொண்டிருந்தார். பாட்டின் நடுவே ஓரிடத்தில் கிழவி மரத்திலிருந்து கையை எடுக்காமலேயே ஓர் அடியை முன்கூட்டிப் பாடி முடித்துவிட்டு, பாடகி வந்துசேரும்வரை காத்திருந்தார்.

பாங்காக்கை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய மாலை பீயிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். திடீரென்று விடைபெற மனமில்லாமல், முதலில் ‘ஒரு செய்தி இருக்கிறது’ என்று தொடங்கலாம் என நினைத்து, வழியெல்லாம் அந்த வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே போய், வண்டியின் முன்னால் நின்று, “பீ, மீ காவ்” என்றேன்.

“இருக்கிறதே,” என்று சொல்லி, மூங்கில் கூடையைத் திறந்து, சூடான ஒட்டரிசிச் சோற்றுப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். “10 பாத்.”